திசைகாட்டி வைத்திருந்த தச்சன்

வல்லம் என்று சொன்னால் பெரும்பாலோர் தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தைத்தான் நினைப்பார்கள். செங்கற்பட்டுக்காரர்களானால் பல்லவர் காலத்துக் குகைக்கோயில் இருக்கும் வல்லத்தை நினைப்பார்கள். ஒரகடத்துப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு வேறொரு வல்லம். எனக்கு ஒரு கடிதம் வந்தது இவற்றில் எதிலிருந்தும் அல்ல; செஞ்சியை அடுத்த வல்லத்திலிருந்து. ஒரே பெயர் நாலைந்து ஊர்களுக்கு இருக்கலாம். எந்த வல்லம் என்று விசாரித்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். ஏறாமல் தவறான ஊரில் போய் இறங்கினால் அது பெயரின் குற்றம் ஆகாது. இந்தச் சாதாரண புத்தி ஒரு சொல் விஷயத்தில் எனக்கு இல்லாமல் போயிற்று. கடிதம் அதைப் பற்றியதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்தேன். கதையில் கிழத் தச்சன் ஒருவன் வருகிறான். கூடவே தொழில் செய்துகொண்டிருந்த மகன் செத்துப்போகிறான். அடக்கம் முடிந்த மறுநாள் கிழவன் பட்டறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, காம்பஸை எடுத்து, வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். பிறகு இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வெளியே வருகிறான். அதோடு கதை முடிகிறது.

காம்பஸ் என்ற இடத்தில் நான் ‘திசைகாட்டி’ என்று எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தோஷம்கூட உண்டாயிற்று. மகனை இழந்தவன் திசை தெரியாமல் நிற்கிறான், கையில் திசைகாட்டி இருந்தும் பயனில்லை என்று அர்த்தம் விரிந்துகொண்டே போவதாகத் தோன்றியது. கதை அச்சில் வந்த பிறகு இரண்டு நண்பர்கள் அந்தக் குறியீட்டைப் பாராட்டிப் பேசவும் செய்தார்கள். மூன்றாவதாக வந்தது வல்லத்துக் கடிதம். நாலே வரி. விஷயம் இதுதான்: உங்கள் தச்சன் எதற்காகத் திசைகாட்டி வைத்திருக்கிறான்? வடக்கு எது என்று தெரியாமல் நாங்கள் யாரும் உளி பிடிப்பதில்லை. அவன் எடுத்தது கவராயமாக இருக்கும். வண்டிச் சக்கரம் செய்து நாற்பது வருஷம் பழகிய கை எழுதுகிறது.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கவராயம் என்ற சொல்லை நான் அறியாதவன் அல்ல. பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் வரைகோலும் கவராயமும் கொண்டு முக்கோணம் வரையச் சொல்லி எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஆனால் பையன்கள் வாயில் அது காம்பஸ்தான். ஜாமெட்ரி பாக்ஸில் பென்சிலைச் செருகிக்கொண்டு இருக்கிறதே, அதேதான். கப்பலிலும், இன்று செல்போனிலும் வடக்கைக் காட்டுவதும் காம்பஸ்தான். இரண்டுக்கும் தமிழில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இல்லாத இந்தச் சௌகரியம் நம்மிடம் இருந்தும், தவறான சொல்லை நான் எடுத்தேன். கைப்பிசகு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கதையில் பெரிய அர்த்தம் வேண்டும் என்ற ஆசையே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது. நம்முடைய மொழிபெயர்ப்பிலும் விமர்சனத்திலும் இந்த ஆசை செய்துவரும் காரியங்களைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘பாஸுஸ்’ என்றால் நடக்கிறவனின் அடி. ரோமாபுரிக்காரர்கள் இடது கால் வைத்த இடத்திலிருந்து மறுபடி இடது கால் வைக்கும் இடம் வரைக்கும் ஒரு ‘பாஸுஸ்’ என்று கணக்கிட்டார்கள். அவர்கள் அளவில் 5 அடி. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு மைல். மைல் என்ற சொல்லுக்கே ஆயிரம் என்பதுதான் வேர். இந்த அடியோடு ‘கூட’, ‘முழுக்க’ என்று பொருள்படும் முன்னொட்டு ஒன்று சேர்ந்து, அடிவைத்து அளந்து பார்ப்பது என்ற பேச்சு வழக்கு உண்டாயிற்று. அது பழைய பிரெஞ்சு மொழிக்குள் வந்து, சுற்றி வருவது, வட்டம், வட்டம் போடும் கருவி என்றெல்லாம் ஆகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக, சொல்லின் அடியில் கிடப்பது ஒரு மனிதன் காலால் நடந்து ஓர் இடத்தைச் சுற்றி அளந்துவருகிற காட்சி. இரக்கத்தைக் குறிக்கும் ‘கம்பாஷன்’ இதற்கு உறவா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அது துன்பப்படுவதைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது. ஒலிதான் ஒன்று.

காந்த ஊசி இந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த உறுப்பினர். சீனாவில் ஷென் குவோ 1088-ஆம் ஆண்டு வாக்கில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சீனர் அதற்கு வைத்த பெயருக்குத் ‘தெற்கைக் காட்டுவது’ என்று பொருள். ஐரோப்பாவில் அதைப் பற்றிய எழுத்து சுமார் நூறு வருஷம் கழித்துத்தான் கிடைக்கிறது. ஆங்கிலேயர் அதற்குக் காம்பஸ் என்று பெயரிட்டது, வட்டமான பெட்டிக்குள் வட்டமான அட்டையின்மேல் ஊசி சுழன்றதனால் இருக்கலாம் என்கிறார்கள். கடைசியாக வந்த இந்த விருந்தாளிதான் இன்று வீட்டுக்காரனாக உட்கார்ந்திருக்கிறது. காம்பஸ் என்றதும் நம் எல்லோருக்கும் வடக்கு நினைவுக்கு வருகிறது; காலடி நினைவுக்கு வருவதில்லை.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் இதனால் அடிக்கடி ஏமாறுவார்கள். 1611-ல் வெளியான ஆங்கில பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில், பவுல் ஏறிய கப்பல் ஒரு காம்பஸைக் கொண்டுவந்ததாகப் படும்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. கப்பல், கடல் யாத்திரை, காம்பஸ் என்று எல்லாம் பொருத்தமாகவே இருக்கின்றன! ஆனால் பவுல் காலத்தில் எந்தக் கப்பலிலும் காந்த ஊசி கிடையாது. கப்பல் வளைந்து சுற்றிக்கொண்டு போயிற்று என்பதுதான் அதன் பொருள். தமிழ் பைபிளில் சரியாகவே சுற்றி ஓடியதாக இருக்கிறது.

தமிழ் பைபிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏசாயாவின் 44-ஆம் அதிகாரத்தில் விக்கிரகம் செய்யும் தச்சன் ஒருவன் வருகிறான். அவன் கையில் இருப்பது கவராயம். நூலும் உளியும் கூடவே இருக்கின்றன. நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில் கடவுள் கடல்மேல் வட்டம் போடுகிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்திலும் காம்பஸ்தான். தமிழில் அங்கே கவராயம் இல்லை. வட்டணித்தல் என்ற வினைச்சொல் நிற்கிறது. தச்சனுக்கு ஒரு கருவி தேவை, கடவுளுக்குச் செயலே போதும் என்று யோசித்தது போல அமைந்திருக்கிறது. யோசுவாவின் படைகள் எரிகோ பட்டணத்தை ஏழு நாள் வலம் வந்தபோது ஆங்கிலத்தில் மறுபடி காம்பஸ்; தமிழில் சுற்றிவருதல். பழைய பைபிள் தமிழைக் கேலி செய்வது எழுத்தாளர்களுக்கு ஒரு பழக்கம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு சொல் விஷயத்தில், அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எனக்கு முன்னாலேயே வல்லத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள். தமிழ்நாட்டுத் தச்சன் கருவியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்று காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

என் தவறு எனக்கு மட்டும் உரியது அல்ல என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆங்கிலேய நாவலாசிரியர் பிலிப் புல்மன் தம்முடைய மூன்று பாக நாவலுக்குத் தங்கக் கவராயம் என்று பொருள்படும் ஒரு தலைப்பை முதலில் யோசித்து வைத்திருந்தார். மில்டனின் காவியத்தில் கடவுள் உலகத்தின் எல்லையை வகுக்கும் தங்கக் கவராயம் அது. நாவலின் முதல் பாகத்தில் ஒரு சிறுமியிடம் உண்மையைச் சொல்லும் வட்டமான கருவி ஒன்று இருக்கிறது. பார்வைக்கு மாலுமியின் திசைகாட்டி போல இருக்கும். அமெரிக்கப் பதிப்பாளர்கள் அந்தத் தலைப்பு இந்தக் கருவியைத்தான் குறிக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1995-ல் வேறு தலைப்பில் வந்த புத்தகம், 1996-ல் அமெரிக்காவில் ‘கோல்டன் காம்பஸ்’ ஆயிற்று. 2007-ல் சினிமாவும் அதே பெயரில் வந்தது. சொல்லைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே கவராயத்தைத் திசைகாட்டி ஆக்கிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு நாள் செஞ்சிக்குப் போகிற வேலை வந்தது. கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்குக் கிளம்பியவர்கள் திருவண்ணாமலை பஸ்களில் படிக்கட்டுவரை நின்றார்கள். நான் அந்தக் கூட்டத்திலிருந்து விலகி வல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடிதம் எழுதியவருக்கு எழுபதுக்கு மேல் வயது. மாட்டுவண்டிகள் டயர் சக்கரத்துக்கு மாறி, அந்த வண்டிகளும் குறைந்த பிறகு, கதவு ஜன்னல் செய்து காலம் தள்ளியவர். பட்டறையில் பாதி இடத்தை இப்போது விறகு அடைத்துக்கொண்டிருந்தது. பேரன் பத்தாவது படிக்கிறான். நான் யார் என்று சொன்னதும் பெரியவர் சங்கடப்பட்டுப் போனார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். கவராயம்னு இருந்திருந்தா நான்பாட்டுக்குப் படிச்சிட்டுப் போயிருப்பேன். திசைகாட்டின்னு போட்டதும், அந்த ஆளு தச்சனே இல்லேன்னு ஆயிடுச்சு. அப்புறம் அவரு அழுதா எனக்கு என்ன, அழாட்டி எனக்கு என்ன?”

இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை என் எழுத்தின்மேல் யாரும் வைத்ததில்லை. கதையில் ஒரு சாமான் பொய்யானால் அதைப் பிடித்திருக்கும் கை பொய்யாகிறது. கை பொய்யானால் துக்கமும் பொய்யாகிறது. பெரியவர் கோட்பாடு எதுவும் பேசவில்லை. தனக்கு அழுகை வராமல் போன இடத்தைச் சொன்னார்.

அவருடைய கவராயத்தை எடுத்துவரச் சொன்னேன். இரும்பு. பென்சில் செருகுகிற வேலை இல்லை. இரண்டு காலும் கூர். ஒரு பலகைத் துண்டை எடுத்துப்போட்டு வட்டம் கீறினார். பிறகு கால்களின் அகலத்தை மாற்றாமலே, வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளியில் ஒரு காலை ஊன்றி மறுகாலை வைத்தார். அங்கே ஊன்றி அடுத்ததை வைத்தார். மனிதன் நடப்பதைப் போலவே இருந்தது. ஆறாவது அடி, புறப்பட்ட புள்ளியிலேயே போய்ச் சரியாக உட்கார்ந்தது.

“ஆறு வட்டை. ஒரு வட்டைக்கு ரெண்டு ஆரக்கால். ஆகப் பன்னெண்டு” என்றார்.

“எப்போதும் ஆறு சரியாக வந்துவிடுமா?” என்று கேட்டேன்.

“வரும் சார். வராட்டி கவராயம் ஆடுதுன்னு அர்த்தம். கையில தப்பு இருக்கும், வட்டத்துல இருக்காது.”

பேரன் குறுக்கிட்டு, வட்டத்துக்குள் அமையும் அறுகோணத்தின் பக்கம் ஆரத்துக்குச் சமம், அதனால்தான் என்றான். அவன் அதைக் காம்பஸ் என்றான். தாத்தா கவராயம் என்றார். இருவருக்கும் நடுவில் எந்தத் தகராறும் இல்லை. என்னுடைய ஆட்சேபமும் இங்கிலீஷ் சொல்லின்மேல் அல்ல. தச்சனைக் ‘காம்பஸை எடுத்தான்’ என்று எழுதியிருந்தால்கூடப் பெரியவர் மன்னித்திருப்பார். நான் இரவல் வாங்கியது சொல்லை அல்ல, அர்த்தத்தை; அதுவும் தவறான வீட்டிலிருந்து.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடியளந்து சுற்றிவருவது என்று அகராதியில் படித்த பொருள் கண்முன் ஆறு கீறல்களாக நின்றது. ஐரோப்பாவில் எவனோ ஒரு தச்சனோ கொத்தனோ இதே மாதிரி இரண்டு இரும்புக் கால்கள் நடப்பதைப் பார்த்துத்தான் அதற்கு அந்தப் பெயரைச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

கிளம்பும் சமயத்தில் பெரியவர் ஒன்று கேட்டார். “அந்தக் கதையில, கடைசியா அதை மூடி வெச்சானா, விரிச்சபடி வெச்சானா?”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். தச்சன் ஒரு வேலைக்காகக் கவராயத்தை ஓர் அளவுக்கு விரித்து வைத்திருப்பான். வேலை முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அளவு போய்விடும். மகன் விரித்து வைத்தது அப்படியே பெட்டியில் இருந்திருந்தால், கிழவன் அதை மூடுவதா வேண்டாமா என்றுதான் யோசித்திருப்பான் என்றார்.

ஊர் திரும்பியதும் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். காம்பஸ், பையன் ‘செட்’ பண்ணிவிட்டுப் போனபடியே இருந்தது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். நான் அதை, மகன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது என்று பெயர்த்திருந்தேன். அளவை இடமாக்கிவிட்டேன். செத்தவன் கடைசியாக எடுத்த அளவு அந்த இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவில் இருந்தது. அப்பன் அதைக் கலைக்காமல் திரும்ப வைத்தான். கதை முழுவதும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் இருந்தது. மூலத்தைப் பார்க்காமலே வல்லத்துப் பெரியவர் அதைக் கண்டுகொண்டார். மூலத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்த நான் காணவில்லை.

அன்று மாலை செஞ்சியில் இறங்கிக் கோட்டையைப் பார்த்தேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதில். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. காம்பஸ் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு போனதால், அந்த மதில் எனக்கு வேறு விதமாகப் பட்டது. சுற்றளவு, சுற்றி வளைப்பது, முற்றுகையிடுவது என்று அந்தச் சொல்லுக்கு இருந்த பழைய பொருள்கள் எல்லாம் அங்கே கல்லாக நின்றன.

சிவாஜி 1677-ல் கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து தங்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் வந்து முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-ன் தொடக்கத்தில். ஏன் அத்தனை வருஷம்? இவ்வளவு பெரிய சுற்றை ஒரு சேனையால் முழுக்க அடைக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கூடாரங்களுக்குள் நடந்த காரியங்கள். சுல்பிகர் கான் எதிரியோடு ரகசிய ஏற்பாடு வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. உதவிக்கு வந்த பாதுஷாவின் இளைய மகன் காம் பக்ஷ் எதிரியோடு பேசுகிறான் என்று சொல்லி, அவனையே தளபதிகள் காவலில் வைத்தார்கள். கடைசியில் கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

வெளியே படை சூழ்ந்திருந்தது. உள்ளே சூழ்ச்சி நடந்தது. இந்த வாக்கியம் மனத்தில் ஓடியபோதுதான், நான் தேடிக்கொண்டிருந்த தமிழ்ச் சொல் என் வாயிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் காம்பஸ் என்ற வினைக்குச் சுற்றி வளைத்தல் ஒரு பொருள்; மனத்துக்குள் திட்டம் போடுதல், சதி எண்ணுதல் இன்னொரு பொருள். மூன்றாம் எட்வர்டு காலத்தில், 1351-ல் எழுதப்பட்ட ராஜத்துரோகச் சட்டத்தில், அரசன் சாவை மனத்தில் எண்ணுவதே குற்றம் என்று சொல்லும் இடத்தில் நிற்பது இந்த வினைதான். அந்தச் சட்டம் இங்கிலாந்தில் இன்னும் முழுக்க நீங்கவில்லை. சுற்றி நடப்பதற்கும் சதி செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆங்கிலேயனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தமிழனுக்கு வேண்டாம். சூழ்தல் என்றால் நமக்கும் சுற்றி நிற்பது. சூழ்தல் என்றால் நமக்கும் ஆலோசிப்பது. சூழ்ச்சி என்பதை வள்ளுவர் ஆராய்ந்து எண்ணுவது என்ற நல்ல பொருளில் ஆண்டிருக்கிறார். பிற்காலத்தில்தான் அது கெட்டுப்போயிற்று. ஒரு காரியத்தை நாலா புறமும் சுற்றிவந்து பார்ப்பதே யோசனை என்ற எண்ணம், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி விளைந்திருக்கிறது. எந்த அகராதியும் காம்பஸுக்கு நேராக இந்தச் சொல்லை முதலில் தராது. ஆனால் சொல்லின் உயிருக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஆக ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நமக்குக் கவராயம், திசைகாட்டி, சுற்று, எல்லை, சூழ்தல் என்று ஐந்து சொற்கள் வேண்டியிருக்கின்றன. பாட்டுக்காரியின் குரலுக்கு மூன்று ஸ்தாயி காம்பஸ் என்று எழுதியிருந்தால், அவள் சாரீரம் மூன்று ஸ்தாயியிலும் பேசும் என்று எழுதிவிட்டுப் போகலாம். காம்பஸுக்கென்று தனிச்சொல்லே தேவையில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று ஜோடி சேர்த்து வைத்துக்கொள்கிறவர்கள் சாஸ்திரப் புத்தகத்துக்கு நல்லது செய்கிறார்கள். கதையை மொழிபெயர்க்கிறவன் அந்தச் சொல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாலுமி கையிலா, தச்சன் கையிலா, தளபதி வாயிலா?

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். சமீப காலமாக மதிப்புரைகளில் ‘தார்மீகத் திசைகாட்டி’ என்று ஒன்று அடிபடுகிறது. ஆங்கிலத்தில் ‘மாரல் காம்பஸ்’ என்கிறார்களே, அதன் நேர்ப்பெயர்ப்பு. என் நாவல் ஒன்றைப் பற்றி எழுதியவர், இதில் தார்மீகத் திசைகாட்டி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போகும் ஒருவனைப் பற்றிய நாவல் அது. அவனை நான் கண்டிக்கவில்லை என்பது அவருடைய குறை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. வல்லத்துக்குப் போய்வந்த பிறகு கோபம் போய், யோசனை வந்தது.

மனச்சாட்சி என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அது சாட்சி, நடந்ததைப் பார்த்துக்கொண்டு கூடவே இருப்பது. திசைகாட்டி அப்படி அல்ல. வடக்கு எங்கேயோ வெளியில் நிலையாக இருக்கிறது, ஊசி அதைச் சுட்டுகிறது, நாம் போனால் போதும் என்பது அதில் அடங்கிய நம்பிக்கை. ஆனால் உண்மையான காந்த ஊசிகூட அவ்வளவு நிச்சயம் தருவதில்லை. அது காட்டும் வடக்கும் பூமியின் வடக்கும் ஒன்றல்ல. காந்த வடதுருவத்தை ஜேம்ஸ் ராஸ் 1831-ல் கனடாவின் வடகோடியில் கண்டுபிடித்தார்; அது அங்கிருந்து நகர்ந்து இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஊசியை மட்டும் நம்பிப் போகிற மாலுமி கரை சேரமாட்டான். எவ்வளவு விலகல் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் சேருவான்.

நாவலாசிரியனிடம் திசைகாட்டியைக் கேட்கிறவர்கள், தச்சனிடம் திசைகாட்டியைக் கொடுத்த நான் செய்த தவறையே செய்கிறார்கள் என்பது என் எண்ணம். அவன் தொழிலுக்கு உரிய கருவி மற்றது. ஒரு கால் ஓர் இடத்தில் ஊன்றியிருக்கிறது, மறுகால் சுற்றிவருகிறது. ஆங்கிலக் கவி ஜான் டன் பிரிந்துபோகும் காதலர் இருவரை இந்த இரண்டு கால்களுக்கு ஒப்பிட்ட கவிதை பிரசித்தமானது. நான் அதை எழுத்தாளனுக்கே பொருத்திக்கொள்கிறேன். ஒரு மனிதனை, ஒரு தெருவை, ஒரு தவறை நடுவில் வைத்து, அடியடியாகச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தில் வந்து நிற்பது. நம் ஊர்க் கோயில் பிராகாரங்களில் பெண்கள் குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டவைத்து அடிப்பிரதட்சிணம் செய்கிறார்களே, அதுதான் காம்பஸ் என்ற சொல்லின் ஆதி அர்த்தம். சுற்றிவருகிறவள் எந்தத் திசைக்கும் போய்ச் சேர்வதில்லை. ஆனால் எட்டுத் திசையிலிருந்தும் பார்த்துவிடுகிறாள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். சும்மா சுற்றினால் வட்டம் ஆகாது. நடுவில் ஊன்றிய கால் வழுக்கினால், கடைசிக் கீறல் முதல் கீறலோடு சேராது. அந்த நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். ஓடிப்போனவனைச் சுற்றிச் சுற்றி வந்தவன், விட்டுப்போன பெண்ணின் பக்கம் வந்தபோது வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். அவளுக்கு ஒரே ஓர் அத்தியாயம். அதிலும் பாதி மழை வர்ணனை. மதிப்புரை எழுதியவர் குறையைச் சரியாக உணர்ந்திருக்கிறார். பெயரைத்தான் தவறாக வைத்துவிட்டார். திசைகாட்டி இல்லை என்றதற்குப் பதில், வட்டம் கூடவில்லை என்று சொல்லியிருந்தால் நான் மறுவார்த்தை பேசியிருக்க முடியாது. ‘கவராயம் ஆடுது’ என்று பெரியவர் சொன்னாரே, அதுதான். தப்பு கையில்.

செஞ்சியிலிருந்து இரவு கிளம்பும்போது திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம் இன்னும் குறையவில்லை. அங்கே மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடி பஸ் ஏறி வீட்டுக்குப் போகப் போகிறவர்கள். மைல் கணக்கில் நடந்து எங்கேயும் போகாத அவர்களை எந்த ஊசியும் வழிநடத்தவில்லை. நடுவில் மலை இருந்தது. அது போதுமாக இருந்தது.

அந்த மொழிபெயர்ப்புக் கதை தொகுப்பில் சேர்ந்தபோது இரண்டு இடங்களைத் திருத்தினேன். திசைகாட்டியை எடுத்துவிட்டுக் கவராயத்தைப் போட்டேன். ‘மகன் விரித்து வைத்த அளவிலேயே இருந்தது’ என்று மாற்றினேன். குறியீட்டைப் பாராட்டிய நண்பர்கள் இரண்டு பேரும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று வருத்தப்பட்டார்கள். புத்தகத்தின் ஒரு பிரதியை வல்லத்துக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. புத்தகம் கிடைத்தது, கதையைப் பேரன் படித்துக் காட்டினான் என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: இப்போது அவன் தச்சன்.